சிங்கையில் பிறந்த பாட்டு

சங்கத் தொகை நூல்களுள் இசைப்பாட்டின் தொகுதியாக விளங்குவது பரிபாடல். 70 பாடல்கள் கொண்டிருந்த அந்நூலில் இன்று முழுமையாகக் கிடைப்பவை 22. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1918ஆம் ஆண்டில் அதனைப் பரிமேலழகர் உரையுடன் பதிப்பித்தபோது, பாடல்களின் கீழே ஏடெழுதினோர் வழிவழியாகக் காத்து வந்த சிறு குறிப்புக்களும் அச்சேறின. பெரும்பாலான பாடல்களின் கீழ் மூன்று செய்திகள் உள்ளன: பாட்டு இயற்றியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர். இவற்றுள் 14ஆம் பாடலின் கீழ் உள்ள குறிப்பு தனிச் சிறப்புடையது. பாட்டும் கேசவனார், இசையும் கேசவனார், பண் நோதிறம் என்பது அதன் செய்தி. சொல்லையும் இசையையும் ஒருவரே ஆக்கிய பாட்டுக்குத் தமிழில் கிடைக்கும் தொன்மையான சான்றுகளுள் இஃது ஒன்று.

தாமே எழுதி, தாமே இசையமைத்து, தாமே பாடித் தம் முயற்சியிலேயே வெளியிடும் கலைஞர் இக்காலத்தில் பல நாடுகளிலும் உளர். அவர்கள் வெளியிடும் பாடற்றொகுதியைப் பொதுமக்கள் ‘ஆல்பம்’ என்பர். தனித்தொகுப்பு என்று தமிழில் கூறலாம். இது மேனாட்டிலிருந்து நேற்று வந்த புதுமை என்று கருதுவோர் பலர். சிங்கப்பூரின் தமிழ் வரலாற்றை நோக்கின் இக்கருத்துப் பொருந்தாமை விளங்கும். அந்நகரில் தன் பாட்டைத் தானே ஆக்கி வெளியிட்டவரின் வரலாறு ஏறத்தாழ 150 ஆண்டுப் பழமையுடையது. அவ்வரலாற்றைப் பரிபாடற் குறிப்பின் மூன்று செய்திகளையும் அளவுகோலாகக் கொண்டு பார்த்தால் ஓர் உண்மை வெளிப்படுகின்றது. ஒவ்வொரு காலத்திலும் சொல், இசை, ஆக்கியோன் பெயர் என்னும் மூன்றில் ஏதேனும் ஒன்று நழுவி வந்திருக்கிறது. அந்நழுவலைத் தடுக்க வல்லவர் யாவர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அச்சேறிய பாட்டு

சிங்கப்பூரில் வெளிவந்த தமிழ் நூல்களுள் இன்று கிடைப்பனவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படுவது முனாஜாத்துத் திரட்டு. ஆண்டு 1872. இயற்றியவர் நாகூரைச் சேர்ந்த முகம்மது அப்துல் காதிறுப் புலவர். ‘முனாஜாத்து’ என்பது அரபுச் சொல். இறைவனிடம் தனித்திருந்து மெல்லிய குரலில் முறையிடுதலைக் குறிக்கும். இசுலாமியத் தமிழ் இலக்கியத்தில் அது தனியொரு பாடல் வகையாகவே வளர்ந்தது. ஆகவே சிங்கப்பூர்த் தமிழ் நூல் வரிசையின் தலையில் நிற்பது கதையன்று, உரைநடையன்று. ஓதுதற்கும் பாடுதற்கும் உரிய பாட்டே.

அடுத்து 1887ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் நூல்கள் வெளிவந்தன. சிங்கை நகரந்தாதி அவற்றுள் ஒன்று. தேங்க் ரோட்டில் 1859ஆம் ஆண்டு முதல் விளங்கும் தண்டாயுதபாணி கோயிலின் முருகனை அது பாடுகின்றது. அவரே சித்திர கவிகளும் இயற்றினார். அதே 1887ஆம் ஆண்டில் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அக்காலத்துச் சிங்கப்பூரில் ஈய எழுத்துக் கோத்துத் தமிழை அச்சிடும் வசதி இருந்ததென்பதும், அதனை நாடிய பாவலர் இருந்தனர் என்பதும் இவற்றால் தெளிவாகும்.

இந்நூல்கள் இன்றைய தனித்தொகுப்புக்கு எவ்வாறு முன்னோடியாகும் என்று ஒருவர் வினவலாம். இசைத்தட்டு இல்லாத காலத்தில், பாடுவோன் தன் பாட்டைப் பலர்க்கும் கொண்டு செல்லக் கிடைத்த ஒரே கருவி சிறு பாட்டுப் புத்தகம். புத்தகத்தை வாங்கியவர் வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ வாய்விட்டுப் படித்தார். சூழ இருந்தவர் கேட்டனர். இன்று தட்டும் கைப்பேசியும் செய்யும் வேலையை அன்று அச்சுத்தாளும் மனிதக் குரலும் சேர்ந்து செய்தன.

ஆயினும் அக்காலத்துப் பாட்டுப் புத்தகத்தில் ஒரு குறை இருந்தது. சுரம் எழுதி அச்சிடும் வழக்கம் அத்தகைய மலிவு நூல்களில் இல்லை. பாட்டின் தலையில் மக்கள் அறிந்த வேறொரு பாட்டின் தொடக்கத்தைக் குறித்து, ‘என்ற மெட்டு’ என அச்சிடுவதே பெருவழக்கு. அந்தப் பழைய பாட்டு மக்கள் நினைவில் உள்ளவரை அக்குறிப்புப் பயன்படும். அது மறைந்ததும் புதிய பாட்டின் மெட்டும் உடன்கட்டை ஏறிவிடும். இவ்வாறு அச்சுக்காலம் சொல்லைக் காத்தது, பெயரையும் அட்டையில் காத்தது, இசையை நழுவவிட்டது.

லாவணி காட்டும் நகரம்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1893ஆம் ஆண்டில் வெளிவந்த குதிரைப் பந்தய லாவணி. இயற்றியவர் இரங்கசாமி தாசன். லாவணி மராட்டிய நாட்டு இசைவகை. மராட்டியர் தஞ்சையை ஆண்ட காலத்தில் அது தமிழகத்தில் வேரூன்றியது. காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறு கட்சியும் டேப்பு அடித்து, வினாவும் விடையுமாக எதிர்ப்பாட்டுப் பாடுதல் தஞ்சை வட்டாரத்து வழக்கம். அத்தகைய நாட்டுப்புற வடிவத்தை எடுத்து, கடல் கடந்த நகரமொன்றின் குதிரைப் பந்தயத்தைப் பாடுவதற்கு அதனைப் பயன்படுத்தினார் இரங்கசாமி தாசன்.

குதிரைப் பந்தயம் காணச் செல்லும் ஓர் இணை, வழியிலுள்ள தெருக்களையும் மக்களையும் கண்டு களிப்பதாக அந்நூல் அமைகின்றது. தலைவன் காட்ட, தலைவி காண்கிறாள். பழைய ஆற்றுப்படை நூல்கள் வழி கூறியவாறே இதுவும் வழி கூறுகின்றது. ஆனால் பரிசில் தரும் வள்ளலுக்கு மாறாக வழியின் இறுதியில் பந்தயத் திடல் நிற்கின்றது. சிங்கப்பூரில் முதற் குதிரைப் பந்தயம் 1843ஆம் ஆண்டில் சிராங்கூன் சாலையை அடுத்த திடலில் நடந்தது. 1933ஆம் ஆண்டில் பந்தயம் புக்கிட் தீமாவுக்கும், 1999ஆம் ஆண்டில் கிராஞ்சிக்கும் இடம் பெயர்ந்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இறுதிப் பந்தயம் நடந்ததோடு அவ்வரலாறு முடிவுற்றது. இன்று லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர்ப்பலகை நிற்கின்றது. குதிரை இல்லை, திடலும் பந்தயத்துக்கு இல்லை. அந்தக் காட்சியைத் தமிழில் காண விரும்புவார்க்கு 1893ஆம் ஆண்டு லாவணி உதவுகின்றது. ஊரின் செய்தியை ஊரான் பாட்டே காக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இவ்வளவு அரிய நூலில் எஞ்சியிருப்பது சொல் மட்டுமே. அதனைப் பாடிய குரலின் ஏற்ற இறக்கமும், இடையிடையே விழுந்த டேப்பின் அடியும் தாளில் ஏறவில்லை. கேசவனார் பாட்டுக்கு நோதிறம் என்ற பண்ணின் பெயராவது கிடைக்கின்றது. சிங்கை லாவணிக்கு லாவணி என்ற பொதுப்பெயரே எஞ்சுகின்றது.

இசைத்தட்டும் திரைப்பாட்டும்

ஒலியைப் பதிவு செய்யும் கருவி பரவிய பின் நிலைமை மாறியது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடப் பாட்டே அடங்கும். நீண்ட பாட்டைப் பல தட்டுக்களில் பிரித்துப் பதிந்து, அத்தட்டுக்களைப் புத்தகம் போன்ற உறைக்கட்டில் வைத்து விற்றனர். படங்கள் ஒட்டும் ஏட்டுக்கு வழங்கிய ‘ஆல்பம்’ என்ற பெயர் இவ்வுறைக்கட்டுக்கு வந்தது. 1948ஆம் ஆண்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நெடுந்தட்டு வந்தபின், ஒரே தட்டே அப்பெயரைப் பெற்றது. எனவே ஆல்பம் என்பது தோற்றத்தில் ஏட்டின் பெயரே. சிறு பாட்டுப் புத்தகத்துக்கும் அதற்கும் உள்ள உறவு பெயரளவிலும் பொருந்துகின்றது.

இசைத்தட்டு சிங்கப்பூருக்கு இருவகைப் பயன் தந்தது. சென்னையிலும் பிற இடங்களிலும் பதிந்த தமிழ்த் தட்டுக்கள் கப்பலில் வந்திறங்கின. 1931ஆம் ஆண்டில் காளிதாஸ் என்னும் முதல் தமிழ்ப் பேசும் படம் வெளிவந்தது முதல் திரைப்பாட்டின் காலம் பிறந்தது. வேலைக்களத்திலிருந்து திரும்பிய தொழிலாளி, தேநீர்க்கடையில் ஊர்ப்பாட்டைக் கேட்டு மனத்துயர் ஆறினான். இந்நன்மையை மறுத்தல் தகாது. ஆயினும் வந்த பாட்டு பெருகப் பெருக, பிறந்த பாட்டுக்கு இடம் குறைந்தது. திரைப்பாட்டின் பின்னே முதலும் விளம்பரமும் புகழ்பெற்ற நடிகரின் முகமும் இருந்தன. சிங்கையில் தனித்து நின்று பாட்டுக் கட்டியவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

அதே காலத்தில் மலாய் மொழியில் நிகழ்ந்ததை ஒப்பு நோக்குதல் பயன் தரும். சுபிர் சையத் 1907ஆம் ஆண்டில் சுமத்திராவில் பிறந்து, 1928ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்தார். பள்ளியில் முறையாக இசை பயிலாமல் பெரும்பாலும் தம் முயற்சியால் கற்றவர். 1930களில் இசைத்தட்டு நிறுவனத்திலும், பின்னர்ச் சிங்கப்பூரின் மலாய்ப் படக் கழகங்களிலும் பணியாற்றினார். மலாய்ப் படம் சிங்கையிலேயே எடுக்கப்பட்டதால், மலாய் இசைவாணருக்கு உள்ளூரிலேயே தொழில் கிடைத்தது. தமிழ்ப்படம் சென்னையில் எடுக்கப்பட்டதால், சிங்கைத் தமிழ் இசைவாணருக்கு அவ்வழி அடைபட்டது. 1958ஆம் ஆண்டில் நகராண்மைக்காகச் சுபிர் சையத் ஆக்கிய ‘மஜுலா சிங்கப்பூரா’ 1959ஆம் ஆண்டில் நாட்டுப் பண்ணாயிற்று. 1987ஆம் ஆண்டில் மறைந்த அவர் பெயரால் இன்று ஒரு சாலை உண்டு. கலைப்பள்ளி ஒன்று அச்சாலையில் இயங்குகின்றது. அங்கே சொல்லும் இசையும் பெயரும் மூன்றும் காக்கப்பட்டன.

‘முன்னேறு வாலிபா’

தமிழில் அவ்வளவு பரவலாகச் சென்ற சிங்கைப் பாட்டு ஒன்றைச் சுட்டச் சொன்னால், பலரும் சுட்டுவது ‘முன்னேறு வாலிபா’ என்பதையே. 1965ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தனிநாடானதை ஒட்டிய ஆண்டுகளில் திரு. எஸ். ஜேசுதாசன் அதனை ஆக்கினார். திரைப்படம் அதற்குத் துணை நின்றதில்லை. நடிகர் முகம் அதன்மேல் ஒட்டப்பட்டதில்லை. ஆயினும் அரை நூற்றாண்டு கடந்தும் அது பாடப்படுகின்றது. தேசிய நாள் விழாக்களிலும் பள்ளி அரங்குகளிலும் தமிழறியாத சீன, மலாய் மாணவரும் சேர்ந்து பாடுகின்றனர்.

இப்பாட்டின் தலைப்பே இலக்கணப் பாடம் நடத்தப் போதுமானது. ‘முன்னேறு’ என்பது முன்னிலை ஏவல் ஒருமை வினைமுற்று. ‘வாலிபா’ என்பது வாலிபன் என்னும் பெயர் ஈறு திரிந்து விளியேற்றது. இரண்டே சொல்லில் அழைப்பும் கட்டளையும் அடங்கிவிட்டன. அயல்மொழிச் சிறுவன் நாவுக்கும் கடினமான ஒலி அதில் இல்லை. ழகரமும் ஞகரமும் தலைப்பில் வரவில்லை. சொற்களை மிகச் சுருக்கி, நடைக்கேற்ற தாளத்தில் வைத்துக் கட்டியமையே அதன் பரவலுக்கு ஒரு காரணம் எனலாம்.

மற்றொரு காரணம் அதனினும் முதன்மையானது. அப்பாட்டைக் காத்தது பள்ளி. கடையில் விற்கும் பொருள் புதியது வந்ததும் பழையதாகிவிடும். வகுப்பில் கற்பிக்கும் பாட்டுக்கு ஆண்டுதோறும் புதிய மாணவர் வருகின்றனர். ஆதலின் அது ஆண்டுதோறும் புதிதாகவே இருக்கின்றது. தேவாரப் பண்களை ஏட்டைக் காட்டிலும் ஓதுவார் மரபு காத்தது. அம்மரபு செய்ததைச் சிறிய அளவில் சிங்கப்பூர்ப் பள்ளிகள் இப்பாட்டுக்குச் செய்தன.

ஆனால் இங்கும் ஒன்று நழுவியது. பாடும் மாணவரைப் பார்த்து, இப்பாட்டை ஆக்கியவர் யார் என்று வினவினால், விடை கூறுவோர் மிகச் சிலராகவே இருப்பர். பலர் அதனை ஆக்கியோன் பெயரற்ற நாட்டுப்பாடலாகவே எண்ணிப் பாடுகின்றனர். ஒரு பாட்டு நாட்டுப்பாடல் எனக் கருதப்படுதல் அதற்குப் பெருமைதான். எனினும் அறியக்கூடிய பெயரை அறியாது விடுதல், அடுத்த தலைமுறையில் பாட்டுக் கட்ட எண்ணும் இளைஞனின் ஊக்கத்தைக் குறைக்கும். தன் ஊரில் தன் மொழியில் ஒருவர் இதனைச் செய்தார் என்ற செய்தியே அவனுக்கு முதற்படி.

அயல்மொழியார் கண்ட வழி

சிங்கப்பூரின் ஏனைய மொழியினரும் இதே இடரை எதிர்கொண்டனர். ஆங்கிலத்தில் மேனாட்டுப் பாட்டும், சீனத்தில் தைவான், ஹாங்காங் பாட்டும் சந்தையை நிறைத்திருந்தன. 1980களின் தொடக்கத்தில் சீன மாணவர் சிலர் தொடக்கக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத்திலும் கித்தார் ஏந்தித் தாமே மாண்டரின் பாட்டுக்கள் எழுதிப் பாடத் தொடங்கினர். அப்பாட்டுக்கு ‘சின்யாவ்’ என்ற பெயர் நிலைத்தது. சிங்கப்பூர்ப் பாட்டு என்பதன் சுருக்கமே அச்சொல். அவ்வியக்கத்தின் முன்னணிக் கவிஞரும் இசையமைப்பாளருமான லியாங் வென் ஃபூக் 2010ஆம் ஆண்டில் நாட்டின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்றார். ஆங்கிலத்தில் டிக் லீ 1974ஆம் ஆண்டில் இளமையிலேயே முதல் தனித்தொகுப்பை வெளியிட்டார். 1989ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட தொகுப்பு ‘ராசா சாயாங்’ போன்ற உள்ளூர்ப் பாட்டைப் புதுக்கி, ஆசிய நாடுகள் பலவற்றின் கவனத்தை ஈர்த்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் அறியத்தக்கது ஒன்று. பெரிய நிறுவனம் பின்னே வந்தது. முதலில் வந்தது தன் ஊரின் பேச்சைத் தன் பாட்டில் வைக்கும் துணிவு. மாண்டரின் இயக்கமோ வகுப்பறையின் வாயிலிலேயே பிறந்தது. தமிழாசிரியர் கருத்தில் இருத்த வேண்டிய செய்தி இது.

தமிழர்க்கு ஒரு தனித் தடை உண்டென்பதையும் ஒப்ப வேண்டும். 2020ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி சிங்கப்பூர்வாசிகளில் நூற்றுக்கு 9 பேர் இந்தியர். தமிழர் அவருள் ஒரு பகுதியினர். அவ்வளவு சிறிய கூட்டத்தில் தட்டு விற்று மட்டும் ஒருவர் வாழ்தல் அரிது. ஆகவே தமிழில் தனித்தொகுப்பு வெளியிடுபவர், வேறு வழியில் ஈட்டியதைப் பாட்டில் இடுபவராகவே பெரும்பாலும் இருத்தல் கூடும். பதிவுக்கூடக் கட்டணம், வாத்தியக்காரர் ஊதியம், ஒலி சீர்செய்வோர் கூலி ஆகியன ஆயிரவர் கேட்பினும் பத்தாயிரவர் கேட்பினும் ஒன்றே. வானொலியும் தொலைக்காட்சியும் விழாக்குழுக்களும் பள்ளிகளும் அளிக்கும் ஆதரவு இங்கு இன்றியமையாததாகின்றது. 1952ஆம் ஆண்டில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாளின் நோக்கங்களுள், சிதறியிருந்த தமிழர்க்குக் கலையால் ஒரு பொதுமேடை அமைத்தலும் ஒன்று என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும்.

தனித்தொகுப்பும் குறுந்தொகையும்

அண்மைக்காலத்தில் இத்துறையில் பெயர் பெற்றவர் ஷபீர். சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டில் பிறந்த இவர், 2005ஆம் ஆண்டில் ‘வசந்தம் ஸ்டார்’ என்னும் தொலைக்காட்சிப் பாட்டுப்போட்டியில் முதலிடம் பெற்றார். போட்டியில் வென்றவர் பிறர் பாட்டைத் திறம்படப் பாடுவதோடு நின்றுவிடுதல் உலக வழக்கம். இவரோ எழுத்தும் இசையும் குரலும் தம்முடையனவாகத் தனித்தொகுப்புக்கள் வெளியிடும் பாதையை மேற்கொண்டார். 2012ஆம் ஆண்டுத் தேசிய நாளையொட்டி இவரது ‘சிங்கை நாடு’ என்னும் பாட்டு வெளிவந்து பரவியது.

தனித்தொகுப்பின் ஆக்கமுறை திரைப்பாட்டின் ஆக்கமுறையினின்றும் வேறுபடுவது. திரைப்பாட்டில் இக்காலத்துப் பெருவழக்கு, இசையமைப்பாளர் மெட்டை முதலில் தர, கவிஞர் அதற்குச் சொல் வைப்பது. மெட்டின் அளவு முன்னரே கட்டப்பட்டுவிடும். சொல் அதற்குள் அடங்க வேண்டும். இருவரும் ஒருவராகும்போது இக்கட்டுத் தளர்கின்றது. நல்ல சொல்லுக்காக மெட்டை நீட்டலாம். நல்ல மெட்டுக்காகச் சொல்லைக் கைவிடலாம். இரண்டும் ஒரே உள்ளத்தில் ஒருங்கே பிறந்து ஒன்றையொன்று திருத்துகின்றன. தொல்காப்பியர் செய்யுளியலில் பண்ணத்தி என ஒருவகையைக் கூறுவதும், வண்ணங்களை இருபதாக வகுப்பதும், சொல்லும் ஓசையும் பிரியாத நிலையைத் தமிழிலக்கணம் தொன்றுதொட்டு உணர்ந்திருந்தது என்பதைக் காட்டும்.

இவ்வாறு பயின்ற ஒருவர் பழந்தமிழ்ப் பாட்டை எடுத்தாண்டபோது விளைந்ததே ‘யாயும்’ என்னும் பாட்டு. 2019ஆம் ஆண்டில் தமிழகத்தில் வெளிவந்த ‘சகா’ என்னும் படத்துக்கு ஷபீர் இசையமைத்தார். அப்படத்தில் நரேஷ் ஐயரும் ரீட்டா தியாகராஜனும் பாடிய அப்பாட்டுக்குச் சொல்லும் இசையும் அவருடையன. குறுந்தொகை 40ஆம் பாடலின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டு, தம் சொற்களால் அவர் அதனைத் தொடர்கின்றார். அதே சங்கப்பாடலை 1997ஆம் ஆண்டில் ‘இருவர்’ படத்துப் பாட்டில் கவிஞர் வைரமுத்து எடுத்தாண்டதும் இங்கு நினைக்கத்தக்கது.

இவ்வாக்கத்தில் இருந்த இடர்ப்பாடு யாது? குறுந்தொகை 40 நேரிசை ஆசிரியப்பா. ஐந்து அடி, ஈற்றயலடி மூன்று சீர், ஏனைய அடிகள் நான்கு சீர். ஆக 19 சீர்களே உள்ளன. அகவலோசை பேசுவதுபோல் நடப்பது. சுற்றிச் சுற்றி வரும் தாளக்கட்டில் நிற்பதன்று. நான்கு நிமிடத்துக்கு மேற்பட்ட இக்காலப் பாட்டுக்கு 19 சீர் போதா. ஆகவே ஆக்குவோன் அதனைத் திரும்பத் திரும்ப வரும் பல்லவியாக்கிச் சரணங்களைப் புதிதாக எழுத வேண்டும். எழுதும் புதிய சொல் பழைய சொல்லின் அருகில் நின்று நாணாதிருத்தலும் வேண்டும். பழஞ்சொல்லை அப்படியே வைத்ததால் மற்றொரு நன்மை விளைந்தது. என் தாய் ‘யாய்’, உன் தாய் ‘ஞாய்’. என் தந்தை ‘எந்தை’, உன் தந்தை ‘நுந்தை’ என்னும் முறைப்பெயர்ப் பாகுபாட்டை வகுப்பில் விளக்க ஆசிரியர் எவ்வளவு முயல வேண்டியிருந்தது! இப்பாட்டுக்குப்பின் ‘யாய்’ என்னும் சொல்லை மாணவன் முன்னரே செவியில் ஏற்றிக்கொண்டு வகுப்புக்கு வருகின்றான். பொருள் கூறுவது ஒன்றே ஆசிரியர்க்கு எஞ்சிய வேலை.

வரலாற்று நோக்கில் இதில் வியப்பும் உண்டு. குறுந்தொகை முதன்முதலாக அச்சானது 1915ஆம் ஆண்டில், சௌரிப்பெருமாள் அரங்கனார் முயற்சியால். சாமிநாதையர் பதிப்பு 1937ஆம் ஆண்டில் வந்தது. இரங்கசாமி தாசன் 1893ஆம் ஆண்டில் லாவணி எழுதியபோது குறுந்தொகை அச்சேறவே இல்லை. அவர்க்குக் கிடைத்த செல்வம் தஞ்சைத் தெருப்பாட்டு. அதனைக் கொண்டு சிங்கையைப் பாடினார். அவருக்கு 126 ஆண்டுகள் பின்னர் வந்தவர்க்குக் கிடைத்த செல்வம் சங்கப்பாட்டு. அதனைக் கொண்டு சிங்கையில் பிறந்த ஒருவர் தமிழகத்தார் பாடும் பாட்டை ஆக்கினார். கப்பலில் வந்திறங்கிய பாட்டு ஒருமுறையேனும் எதிர்த்திசையில் பயணம் செய்தது. இதற்கு அடித்தளமிட்டவர் சங்கநூலை அச்சிட்டோரும், அதனைப் பாடமாக்கிக் கற்பித்தோருமே ஆவர்.

நழுவாமல் காப்பது எங்ஙனம்?

அச்சுக்காலத்தில் இசை நழுவியது. பள்ளிப்பாட்டில் ஆக்கியோன் பெயர் மங்கியது. தனித்தொகுப்புக் காலத்தில் நழுவும் நிலையில் இருப்பது சொல். நெடுந்தட்டின் உறையிலும் ஒலிநாடாவின் பெட்டியிலும் குறுந்தட்டின் சிற்றேட்டிலும் பாட்டின் வரிகளை அச்சிடும் வழக்கம் இருந்தது. கைப்பேசியில் கேட்கும் இக்காலத்தில் உறையும் இல்லை, ஏடும் இல்லை. கேட்டவர் தமக்குக் கேட்டவாறே எழுதிப் பரப்புகின்றனர். ளகர லகர வேறுபாடு அழிகின்றது, றகரம் ரகரமாகின்றது, சொல் பிரிக்க வேண்டிய இடத்தில் சேர்கின்றது. சிலர் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிப் பாடுகின்றனர். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஆய்வோர்க்குப் பிழை மலிந்த பாடமே கிடைக்கும். சுவடிப் பதிப்பாசிரியர் பட்ட துன்பத்தை, ஒலிப்பதிவு வந்த காலத்திலும் பிற்காலத்தார் படும்படி விடுதல் அறிவுடைமையாகாது.

இதற்கு மருந்து பெரிதன்று. பரிபாடல் ஏடெழுதினோர் செய்ததைச் செய்தாலே போதும். வகுப்பில் ஒரு சிங்கைப் பாட்டைக் கற்பிக்கும்போது, கரும்பலகையில் பாட்டைப் பிழையற எழுதி, அதன்கீழ் ஒரே வரியில் குறிப்பு எழுதலாம். ‘முன்னேறு வாலிபா: ஆக்கியவர் எஸ். ஜேசுதாசன், சிங்கப்பூர், 1960கள்.’ ‘யாயும்: பாட்டும் இசையும் ஷபீர், தொடக்கம் குறுந்தொகை 40, பாடியோர் நரேஷ் ஐயர், ரீட்டா தியாகராஜன், 2019.’ இவ்வளவே. ஒரு மாணவன் தன் ஏட்டில் இதனை எழுதிக்கொண்டால் சொல், இசை, பெயர் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்துவிடும். அவனே நாளை ஒரு பாட்டுக் கட்டினால், அதன்கீழ்த் தன் பெயரையும் மெட்டையும் எழுத அவனுக்குத் தெரியும்.

பழைய பந்தயத் திடலின் அருகே, சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில், உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இயங்கி வருகின்றது. ஒரு புலவரின் பெயரைத் தாங்கிய அவ்விடத்திலும், தமிழ் கற்பிக்கும் ஏனைய பள்ளிகளிலும் இவ்வழக்கம் தொடங்குமாயின், அஃது அந்நகரின் பாட்டுக்குச் செய்யும் நிலைத்த தொண்டாகும். குறுந்தொகை 40 பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. அவர் கண்ட உவமையையே பெயராக்கிச் செம்புலப் பெயல்நீரார் என்று தொகுத்தோர் வழங்கினர். பெயர் கிடைக்காத இடத்தில் அவர்கள் உவமையையாவது பெயராக்கிக் காத்தனர். பெயர் தெரிந்த பாவலரையும் இசைவாணரையும் அருகிலேயே உடையோர் அதனை எழுதி வையாது விடுவரேல், அதற்குக் காலத்தின்மேல் பழி கூற இயலாது.